காலி இடம்

ஆழ்வார்பேட்டையில் இருபது வருடம் குடியிருந்தால் கண்ணுக்கு ஒரு வியாதி வந்துவிடும். வெற்று நிலம் எதைப் பார்த்தாலும், ‘கிரவுண்டு என்ன விலை போகும்?’ என்று மனசு கணக்குப் போடும். நான் பி.காம். வேறு. கேட்க வேண்டுமா?

நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் விளையாடும் நண்பர் ஒருவர், ஊட்டிக்குப் போனபோது என்னையும் அங்கே ஜிம்கானா கிளப் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். 7,000 அடி உயரத்துக்கு மேலே, 18 குழிகள். பந்து போன திசையை விடுங்கள். அந்த இடம் இருக்கிறதே... அலை அலையாகப் புல் மேடுகள். இங்கிலாந்து காலண்டர் படம் மாதிரி!

வெள்ளைக்காரர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. தங்கள் ஊர் ‘டவுன்ஸ்’ ஞாபகம் வந்து, 1891 முதல் 1896 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரைச் சேர்த்து ‘வென்லாக் டவுன்ஸ்’ என்றார்கள். டவுன் என்றால் பள்ளம் என்று நினைக்காதீர்கள். பழைய ஆங்கிலத்தில் அது குன்று!

“இவ்வளவு இடம் சும்மா கிடக்கே, மரமாவது நடலாமே” என்றேன், பெரிய சூழலியல்வாதி மாதிரி.

மட்டைப் பையைத் தூக்கி வந்த கேடி (போலீஸ் லிஸ்ட் கேடி இல்லை, விளையாட்டு உதவியாளர்) சிரித்தார். “நட்டுத்தான் சார் கெட்டுச்சு. அந்தா பாருங்க, சீகை. இந்தாண்ட கற்பூர மரம். எங்க அப்பா காலத்து ஓடை இப்ப இல்ல.”

அப்புறம்தான் தேடிப் படித்தேன். சீகையும் கற்பூர மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. சீகைப் பட்டை தோல் பதனிட உதவும் என்று ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் நட்டோம். சீகையை வெட்டினாலும் போகாது. விதை பல வருடம் மண்ணுக்குள் காத்திருக்கும்.

அங்கே மரம் இல்லாதது குறையே இல்லை. சோலை மரங்கள் பள்ளங்களில் வளரும். மேட்டில் உறைபனி கன்றுகளைக் கருக்கிவிடும். அங்கே புல்தான் ராஜா. பெய்கிற மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். இங்கிலாந்துக் குன்றுகளை ஆடுகள் மேய்ந்து புல்லாகவே வைத்திருந்தன. இங்கே மேய்ந்தவை தோடர்களின் எருமைகள். கவர்னர் பெயர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அது அவர்கள் மேய்ச்சல் நிலம்!

சொந்தக்காரர் வீட்டுக்குள் நின்றுகொண்டு ‘காலியாக இருக்கிறதே’ என்று கேட்டிருக்கிறேன், பாருங்கள்.

ஊர் திரும்பியதும், எங்கள் தெருமுனையில் மிச்சமிருக்கும் ஒரே காலி மனையைப் பார்த்தேன். மழைக்குத் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். அந்த மனையில் மட்டும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

இருபது வருடத்தில் முதல் தடவையாக, கிரவுண்டு விலை ஞாபகத்துக்கு வரவில்லை.