சுவருக்குப் போகாததால் பிழைத்த வரைபடம்

வாஷிங்டனில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளை மாளிகை முன்பும் கேபிடல் கட்டடத்தின் முன்பும் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கேபிடலுக்கு எதிரிலேயே இருக்கிறது காங்கிரஸ் நூலகம். கட்டணம் இல்லை, நேரத்தை முன்பதிவு செய்தால் போதும். அதன் பொக்கிஷங்களில் ஒன்று, 'அமெரிக்கா' என்ற பெயரை முதன்முதலில் தாங்கிய உலக வரைபடம்!

மார்ட்டின் வால்ட்சீமுல்லர் என்ற ஜெர்மானியர் 1507-ல் வெளியிட்டது அது. மரக்கட்டையில் செதுக்கி, 12 தாள்களில் அச்சிட்டார்கள். சேர்த்து வைத்தால் கிட்டத்தட்ட எட்டடி அகலம், நாலரை அடி உயரம். சுவரில் மாட்டத்தான் செய்தார்கள். ஆயிரம் பிரதிகள் அச்சானதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. சுவருக்குப் போகும் காகிதத்தை வெளிச்சமும் புகையும் ஈரமும் பூச்சியும் சும்மா விடுவதில்லை. இந்த ஒன்றை மட்டும் யோஹான்னஸ் ஷோனர் என்ற கணித அறிஞர் தாள் தாளாகப் புத்தகத்துக்குள் வைத்துக் கட்டிவிட்டார். அதனால் பிழைத்தது! ஜெர்மனியின் வோல்ஃபெக் கோட்டையில் கிடந்த அதை 1901-ல் ஜோசப் ஃபிஷர் என்ற பாதிரியார் கண்டெடுத்தார். ஒரு கோடி டாலர் கொடுத்து 2003-ல் வாங்கி முடித்தது காங்கிரஸ் நூலகம்.

நானூறு வருடம் ஒளிந்திருந்து பிழைத்ததை இப்போது நிரந்தரமாக எப்படிக் காட்சிக்கு வைப்பது? அலுமினியத்தில் ஒரு பெரிய பேழை செய்து, உள்ளே ஆக்ஸிஜனை நீக்கி ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். 12 தாள்களும் அதற்குள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. வெளிச்சமும் மங்கல்தான். 2007 டிசம்பரில் மக்கள் பார்வைக்கு வந்தது.

நம் வீட்டுப் பரணிலும் தாத்தா காலத்து ஜில்லா வரைபடம் ஒன்று இருக்கலாம். அதற்கு ஆர்கான் வேண்டாம், அக்கறை போதும். லேமினேஷன் செய்யாதீர்கள், பின்பக்கம் முழுக்கப் பசை தடவாதீர்கள், செல்லோ டேப் பக்கமே போகாதீர்கள். ஃப்ரேம் கடையில் ஆசிட் ஃப்ரீ மவுன்ட் போர்டு கேளுங்கள். மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய ஜப்பானியக் காகிதத் துண்டுகளைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டி, போர்டில் தொங்கவிடச் சொல்லுங்கள். போஸ்டர் ஒட்டும் மைதாப் பசைக்குச் சொந்தக்காரன்தான் இது. தண்ணீர் பட்டால் இளகிவிடும். கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி நடுவில் இடைவெளி இருக்கட்டும். வெயில் விழும் சுவரும் ஓதம் ஏறும் சுவரும் ஆகாது.

ஒட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: 'நாளை என் பேத்தி இதைக் கிழியாமல் கழற்ற முடியுமா?' முடியும் என்றால் தாராளமாக மாட்டுங்கள்!