கார்பெட்டுக்கு அடியில்

அமெரிக்க வீடுகளில் சுவருக்குச் சுவர் பதிக்கப்படும் கார்பெட் ஒற்றைத் துணி அல்ல. மேலே நைலான் அல்லது பாலியெஸ்டர் இழைகள். அவற்றைத் தாங்கப் பாலிபுரோப்பிலீன் துணி, இழை கழலாமல் பிடித்துக்கொள்ள லேட்டக்ஸ் பசை, அதன் முதுகில் இன்னொரு துணி, அதற்குக் கீழே மெத்தென்ற நுரைவிரிப்பு, கடைசியில் ஒட்டுப்பலகை அல்லது கான்கிரீட் தரை. நாயோ பூனையோ கழிக்கும் சிறுநீர் இத்தனையும் கடந்து இறங்கும். இறங்க இறங்க அகலும். மேலே உள்ளங்கை அளவு தெரியும் கறை, நுரைவிரிப்பில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவியிருக்கும். கறை நீக்கும் தொழிலாளிக்கு இந்தக் கணக்குதான் முதல் பாடம்.

வீட்டுக்குள் வந்தவுடன் அவர் மருந்தை எடுப்பதில்லை. திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, கையில் புறஊதா டார்ச்சுடன் மண்டியிடுகிறார். 365 நானோமீட்டரை ஒட்டிய ஒளியில் பழைய சிறுநீர் மங்கலான மஞ்சள் பச்சையாக ஒளிர்கிறது. சோபாவின் பின்புறம், மேசைக்கால், கதவோரம், ஆண் நாய் காலைத் தூக்கும் சுவரின் அடிப்பலகை என ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வரும். ஓரிரு இடம்தான் என்று சொல்லியிருந்த வீட்டுக்காரர் இந்த நேரத்தில் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். விளக்கை மட்டும் நம்பவும் முடியாது. சலவைத்தூளில் கலந்திருக்கும் வெண்மையூட்டியும் ஒளிரும். அதனால் இரட்டை ஊசி கொண்ட ஈரமானியைக் குத்திப் பார்க்கிறார். பிறகு குனிந்து மூக்கைத் தரையில் வைக்கிறார். ஐயத்துக்கு இடமில்லாத இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிடுகிறார். வேலையில் பாதி இந்தத் தேடல்தான். இதை அவசரமாக முடிப்பவருக்கு மறுபடி அழைப்பு வருவது உறுதி.

புதுச் சிறுநீரில் பெரும்பகுதி தண்ணீர். பெரும்பாலும் லேசான அமிலத்தன்மை, வாடையும் குறைவு. பாக்டீரியாக்களின் யூரியேஸ் என்ற நொதி யூரியாவைப் பிளந்து அமோனியாவாக்கும்போது காரம் ஏறுகிறது, நெடி கிளம்புகிறது. நீர் காய்ந்த பின்னும் உப்புகள் தங்கிவிடுகின்றன. அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், போய்விட்டதென்று நினைத்த நாற்றம் மழைநாளில் திரும்ப வருகிறது. பூனை விஷயம் இன்னும் மோசம். அதன் சிறுநீரில் ஃபெலினின் என்ற கந்தக அமினோ அமிலம் உண்டு. அது சிதைந்து வரும் சேர்மங்கள்தான் அந்தத் தனி நெடிக்குக் காரணம். காயடிக்காத ஆண் பூனைகளில் இது மிக அதிகம். கடையில் விற்கும் கறைநீக்கி பாட்டில்கள் ‘யூரிக் அமிலப் படிகங்கள்’ என்று மிரட்டுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாயும் பூனையும் அந்த அமிலத்தின் பெரும்பகுதியை அல்லன்டாயின் என்ற கரையக்கூடிய பொருளாக மாற்றிவிடுகின்றன. டால்மேஷியன் நாய் இதற்கு ஒரு விதிவிலக்கு. விளம்பரம் எழுதியவர் மனிதர்களை மனதில் வைத்து எழுதிவிட்டார் போலும்.

ஈரம் காயாத கறையென்றால் துணியால் ஒற்றி எடுத்துக் குளிர்ந்த நீர் விட்டால் பெரும்பாலும் போதும். தேய்ப்பது இழையைக் கெடுக்கும். பழைய கறைக்கு, நுரைவிரிப்பு வரை நனையும்படி நொதிக் கரைசலை ஊற்ற வேண்டும். சிறுநீர் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் மருந்தும் போகாவிட்டால் மேல்பூச்சாகவே முடியும். நொதி வேலை செய்ய ஈரமும் நேரமும் தேவை. சில மணி நேரம் காயாமல் பிளாஸ்டிக் தாளால் மூடிவைக்கிறார்கள். வீட்டுக்காரர் முன்பே கிருமிநாசினி கொட்டியிருந்தால் நொதி முடங்கிப்போகும். குளோரின் பிளீச் அதைவிட ஆபத்து. அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சுவாயு உண்டாகும்.

அடுத்தது உறிஞ்சல். தரையில் வைக்கும் துளையிட்ட தட்டின்மேல் தொழிலாளி ஏறி நிற்கிறார். அவர் எடை நுரையை அமுக்க, வெளியே நிற்கும் வேனின் இயந்திரம் நீரை இழுக்கிறது. தட்டை அரை அடி நகர்த்தி மறுபடி ஏறி நிற்கிறார். குழாயின் நடுவில் உள்ள கண்ணாடித் துண்டில் முதலில் கடுந்தேநீர் நிறத்தில் ஓடும் நீர், சிட்ரிக் அமிலம் கலந்த நீரால் அலச அலச வெளிறிக்கொண்டே வருகிறது. அது தெளியும்வரை அவர் கண் அந்தத் துண்டைவிட்டு நகராது. எஞ்சிய மஞ்சளுக்கு நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டு. அதையும் ஓரத்தில் ஒரு துளி சோதித்த பின்பே தொடுகிறார்கள்.

தரை வரை ஊறிப்போன இடத்தில் இதெல்லாம் எடுபடாது. கார்பெட்டை ஓரத்து ஆணிப்பட்டியிலிருந்து கழற்றிச் சுருட்டி, கெட்ட நுரையை வெட்டி எறிந்து, பலகையைக் கழுவிக் காயவைத்து, ஷெல்லாக் பிரைமர் பூசி வாடையை உள்ளேயே அடைக்கிறார்கள். புது நுரை பதித்தபின் கார்பெட்டைத் திரும்ப இழுத்து மாட்டப் பயன்படுவது, முழங்காலால் உதைத்துத் தள்ளும் ஒரு கருவி. கார்பெட் பதிப்பவர்களின் முழங்கால் சீக்கிரம் தேய்ந்துபோவது தொழில்சார் மருத்துவத்தில் பதிவான பிரச்சினை. பழகியவர்கள் உதைப்பைக் குறைத்து நெம்புகோல் இழுவைக் கருவியை நாடுகிறார்கள்.

நாற்றத்தை நீக்கலாம்; காரம் தின்றுவிட்ட சாயத்தை மீட்க முடியாது. தேர்ந்த தொழிலாளி இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறார். வெளிறிய இடம் கூடத்தின் நடுவே இருந்தால், துணி அலமாரிக்குள் கண்ணில் படாத மூலையிலிருந்து அதே கார்பெட்டில் ஒரு துண்டை வெட்டி, இழை சாயும் திசை பார்த்துப் பொருத்தி, சூட்டில் உருகும் பசைநாடாவால் அடியில் ஒட்டுகிறார்கள்.