பங்கு இல்லாத வேட்டை

குடுமியான்மலைக்கு வருகிறவர்கள் பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டைப் பார்ப்பார்கள், சிகாநாதசுவாமி கோயில் மண்டபத்துச் சிற்பங்களைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். அதே ஊரில் ஒரு வீட்டு அறைக்குள் ஒரு பையன் நேபாளக் காட்டில் குப்புறப் படுத்து வெளிமானுக்காகக் காத்திருப்பது யாருக்கும் தெரியாது. எல்லாம் கணினியில்தான்!

விளையாட்டின் பெயர் 'திஹன்டர்: கால் ஆஃப் தி வைல்ட்'. 2017-ல் வந்தது. நேபாளக் காடு பிறகு சேர்ந்தது. வேட்டை விளையாட்டு ஒன்றும் புதிதில்லை. 1997-லேயே 'டீர் ஹன்டர்' அமெரிக்காவின் வால்மார்ட் கடைகளில் சக்கைப்போடு போட்டது. ஆனால் அது சுடுகிற விளையாட்டு. இது காத்திருக்கிற விளையாட்டு.

இதில் அரை மணி நேரம் ஒன்றுமே நடக்காது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க வேண்டும். வாடை பட்டால் மான் ஓடிவிடும். நிமிர்ந்து நடந்தால் சத்தம் கேட்டு ஓடிவிடும். குளம்புத் தடம் புதுசா பழசா என்று பார்க்க வேண்டும். குண்டு பட்ட இடம் எது என்பதைச் சிந்திய ரத்தத்தை வைத்து ஊகிக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறையச் சுட்டால் மிருகங்கள் அந்தப் பக்கமே வராது. பொறுமை இல்லாதவர்கள் ஒரு மணி நேரத்தில் கொட்டாவி விட்டு எழுந்துவிடுவார்கள். பொறுமை வந்துவிட்டால் விடாது. அதுதான் இதன் ருசி.

ஒருநாள் அந்தப் பையனின் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கத்தில் சிவராத்திரியை ஒட்டி முயலடிக்கப் போவார்களே, பாரி வேட்டை, அதற்கு ஒரு காலத்தில் போனவர்.

"காத்துக்கு எதுத்தாப்லதான போற? பரவால்லயே!" என்றார். அவருக்குப் பிடித்துவிட்டது.

பேரன் சுட்டான். மான் விழுந்தது. பக்கத்தில் போய் ஒரு பொத்தானை அமுக்கினான். மானைக் காணோம். திரையில் மதிப்பெண்ணும் காசும் ஏறின.

"எங்கடா போச்சு?"

"எடுத்தாச்சு ஐயா."

"யாரு தூக்குனா? பங்கு யாருக்கு?"

பதில் இல்லை.

"சரி, நாயி எங்க?"

"அதுக்குத் தனியாக் காசு கட்டணும் ஐயா."

ஐயா சிரித்துவிட்டார். அவர் சொல்லும் கணக்கு வேறு. வேட்டைக்குப் போனவருக்குப் பங்கு, நாய்க்குப் பங்கு, வீட்டில் ஆம்பளை இல்லாத கிழவிக்கும் பங்கு. துப்பாக்கியையும் காற்றையும் அத்தனை நுணுக்கமாகச் செய்தவர்கள், மிருகம் விழுந்த பிறகு நடப்பதை ஒரு பொத்தானில் முடித்துவிட்டார்கள். உரிப்பதில்லை, சுமப்பதில்லை, பங்கு பிரிப்பதில்லை. சுட்டதற்குப் பதில் வேறு மிருகம் வந்துவிடும். வரவு மட்டும் எழுதி, பற்றே எழுதாத பேரேடு மாதிரி. 2022-ல் வந்த 'வே ஆஃப் தி ஹன்டர்' இதில் கொஞ்சம் தேவலை. இளசான நல்ல கிடாக்களைச் சுட்டால் மந்தையின் தரமே இறங்கிவிடும். அங்கே செலவுக் கணக்கும் கொஞ்சம் உண்டு.

நிஜத்தில் செலவு பெரிது. 1972-ம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், பிறகு 1991-ல் வந்த திருத்தமும் நம் நாட்டில் வேட்டைக்குக் கதவடைத்தன. வெளிமான் அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது. 1998-ல் வெளிமானைச் சுட்ட வழக்கில் சல்மான் கானுக்கே 2018-ல் ஐந்து வருடத் தண்டனை விதித்தார்கள். நரிக்குறவர்களுக்கோ பரம்பரைத் தொழிலே போயிற்று, ஊசிமணி பாசிமணிதான் மிச்சம். ஆக, வேட்டையின் ருசியைச் சட்டத்துக்கு உட்பட்டு அனுபவிக்க இங்கே திரைதான் வழி. அந்த வகையில் இந்த விளையாட்டுகளைக் குறை சொல்ல முடியாது. ஒரு உயிரும் போவதில்லையே!

ஐயாவும் வேட்டையை விட்டு வெகு நாளாயிற்று. வலை பரணில் கிடக்கிறது. சட்டத்துக்குப் பயந்தா என்று பேரன் கேட்டான்.

"அது பாதி. முயலு கத்தும், தெரியுமா உனக்கு? ஆயுசு பூரா வாயத் தொறக்காது. புடிபடுறப்ப மட்டும் கத்தும், பச்சப்புள்ள மாதிரி. அது மிச்சப் பாதி."

விளையாட்டில் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஐயாவால் முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "சுடாமப் பாத்துக்கிட்டே இருக்கலாமாடா?"

"இருக்கலாம் ஐயா. பெருசா ஒண்ணும் கிடைக்காது."

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஒரு மான் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வேட்டை விளையாட்டைச் செய்கிறவர்கள் துப்பாக்கி தெரிந்தவர்களைக் கேட்பதோடு நிறுத்தாமல், வேட்டையை விட்டவர் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டால் தேவலை.