வயிறு போட்ட வழி

எனக்கு மலைப்பாதையில் வாந்தி வரும். பேரன் எடுக்கும் வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஜன்னலோரம் பாலித்தீன் பையோடு உட்கார்ந்திருக்கும் சின்னப்பிள்ளையைப் பார்த்து பஸ்ஸே பரிதாபப்படும். அதே பையோடு நரைத்த மீசைக்காரன் உட்கார்ந்திருந்தால் பக்கத்து சீட்காரர் எழுந்து போய்விடுவார். அதனால் வெகுகாலம் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: “மலையில என்ன இருக்கு, எல்லாம் ஒரே பச்சைதானே!”

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மலைச்சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். சுக்கு, மிளகு, ஏலம். போடிநாயக்கனூர் ஏலத்தில் எடுத்த ஏலக்காய் மூட்டை மூட்டையாக மலையேறி இறங்கி எங்கள் வாசலுக்கு வரும். மனைவிக்குப் பிறந்த வீடு மதுரை. வேலைக்கும் உறவுக்கும் கிழக்குதான் திசை. நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. கல்யாணம், காதுகுத்து எதற்குப் போனாலும் பாலக்காட்டுக் கணவாய் வழிதான். திருச்சூர், பாலக்காடு, பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல். தூரம் கூடுதல், வயிற்றுக்கு நிம்மதி. கோட்டயம், குமுளி வழியாகவும் போகலாம். மூணாறு வழி மட்டும் எங்கள் வீட்டில் பேச்சுக்கே வராது.

மச்சானின் மகள் ஸ்பெயினில் படிக்கிறாள். போன வருஷம் போனில், “மாமா, செவீயாவிலிருந்து கிரனாடாவுக்கு கார்ல போறோம். நேர் ரோட்டுல போனா ரெண்டரை மணி நேரம், ரோண்டா மலை வழி போனா ஒரு நாள் பூரா ஆகும். எது போகலாம்?” என்று கேட்டாள். நேர் ரோடு என்றால் 250 கிலோமீட்டர் ஏ-92 நெடுஞ்சாலை. ரோண்டாவில் பள்ளத்தாக்கின் மேல் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில், 1793இல் கட்டி முடித்த பாலம் நிற்கிறது. “மலை வழியே போம்மா, பாலத்தைப் பாரு” என்று வாய் கூசாமல் சொன்னேன். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். “ஸ்பெயினுக்கு வழி சொல்றீங்க. மூணாறைத் தாண்டி என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?”

அந்த டிசம்பரில் மூணாறு வழியாக மதுரை போவதென்று முடிவானது. திட்டம் போட்டவன் நான் என்றாலும் போட்டது வயிறுதான்.

வாந்தி ஏன் வருகிறது என்று முதலில் தெரிந்துகொண்டேன். உட்காதில் உள்ள திரவம் “திரும்புகிறோம், சாய்கிறோம்” என்று மூளைக்குச் சொல்கிறது. பின்சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்க்கும் கண், “நாம் அசையவே இல்லை” என்கிறது. இரண்டு சாட்சியும் ஒத்துவராததால் மூளை வயிற்றைப் பிடித்து உலுக்குகிறது. ஓட்டுகிறவருக்குப் பெரும்பாலும் வராது. வளைவு வருமுன்னே அவருக்குத் தெரியும். ஆகவே முன் சீட், போன் பையில், பார்வை தொலைவில். வாந்தி மாத்திரை வேண்டாமென்று வைத்தேன். போட்டால் தூக்கம் வரும்; வாந்தியோடு மூணாறும் போய்விடும்.

வரைபடத்தில் மதுரை சுமார் 290 கிலோமீட்டர். அந்தக் கணக்கு மலையில் செல்லாது. பழைய பில் ஒன்றின் பின்புறத்தில் தூரத்தை எழுதாமல் நேரத்தை எழுதினேன். எங்கே சமதளம் முடிகிறது, அதற்கு எவ்வளவு முன்னால் சாப்பிட வேண்டும், எந்த இடத்தில் இறங்கி நடக்கலாம், எத்தனை மணிக்கு மூடுபனி வரும். மச்சான் போனில் சிரித்தார்: “என்ன மாப்ள, மதுரைக்கு வர ரெண்டு நாளா? சந்திரனுக்கா போறீங்க?”

விடியுமுன்னே கிளம்பி தோப்பும்படி, வெல்லிங்டன் தீவு, குண்டன்னூர் தாண்டினால் தேசிய நெடுஞ்சாலை 85, பழைய எண் 49. இதே சாலைதான் மதுரையைக் கடந்து தொண்டிவரை போகிறது. மூவாற்றுப்புழைவரை சொல்ல ஒன்றுமில்லை. கோதமங்கலத்தில் இட்லி, அதுவும் அரை வயிறு. பழம்பொரி கண்ணில் பட்டது, பார்வையோடு சரி.

நேரியமங்கலத்தில் பெரியாற்றின் மேல் 1935இல் திறந்த வளைவுப் பாலம். மலைநாட்டுக்கு இதுதான் வாசல். அதற்கு முன்பு ஆலுவாவிலிருந்து மூணாறுக்கு வேறொரு சாலை இருந்தது. 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போனது. மூணாறின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும் அதே வெள்ளத்தில் போயிற்று. அந்த ரயில் தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கி, போடிக்கு அனுப்பினார்கள். அக்காலத்தில் மூணாறின் முகம் போடியைப் பார்த்துத்தான் இருந்திருக்கிறது. எங்கள் கிடங்கின் ஏலக்காய் மூட்டைக்கு இது தெரிந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை.

பாலம் தாண்டியதும் காடு. வளைவுகளும் ஆரம்பம். சீயப்பாறையில், சாலையை ஒட்டி ஏழு படியாக விழும் அருவியில், கால் மணி நேரம் நின்றோம். கொஞ்ச தூரத்திலேயே வாளறை அருவி, அங்கேயும் நின்றோம். மனைவிக்கு அருவிக்காக, எனக்கு உட்காதுக்காக. அடிமாலியில் இஞ்சி போட்ட எலுமிச்சை சோடா. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் 1940இல் தொடங்கிய பள்ளிவாசலைக் கடந்து மூணாறு சேர்ந்தபோது பையில் இருந்த பாலித்தீன் பை மடித்தபடியே இருந்தது.

மூணாறு டவுனைப் பற்றி என் கருத்து: தூங்குவதற்கு மட்டும். நெரிசலும் ஹாரனும் எர்ணாகுளத்திலேயே கிடைக்கிறது. காலையில் பனி விலகியதும் தேவிகுளம் வழியாகக் கேப் ரோடு. 2019இலும் 2020இலும் மலை சரிந்து மூடிக்கிடந்த சாலை. இப்போது அகலமாக இருக்கிறது. பாறையைக் குடைந்த விளிம்பில் நின்றால் கீழே தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே இன்னொரு சரிவு, அதற்கும் கீழே மேகம். மற்ற கார்களில் பின்சீட்டுப் பிள்ளைகள் போனில் குனிந்திருந்தார்கள். காட்சிக்காக வந்தவர்கள் அவர்கள். வாந்திக்குப் பயந்து தூரத்தையே வெறித்துக்கொண்டு வந்த நான்தான் ஒரு வளைவைக்கூட விடாமல் பார்த்தேன்.

சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. 2023இல் பிடித்துக்கொண்டுபோய் விட்ட அரிக்கொம்பன் இந்தப் பகுதி யானைதான். அது பிறகு கம்பம் தெருவிலேயே வந்து நின்றது. இங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது வீரம் அல்ல. பூப்பாறையிலிருந்து ஏலத்தோட்டம், பெரிய மரங்களின் நிழலில் செடிகள், வேரோடு ஒட்டித் தரையில் படரும் சரத்தில் காய். கணக்குப் புத்தகத்தில் கிலோவாக மட்டும் பார்த்த சரக்கைச் செடியில் பார்த்தேன்.

போடிமெட்டில் மாநில எல்லை. சட்டென்று மலை முடிந்து, ஆயிரம் மீட்டருக்குக் கீழே தேனிச் சமவெளி வெயிலில் விரிகிறது. முந்தல்வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். என் பயமெல்லாம் இங்கேதான். எங்கள் டிரைவர் பள்ளுருத்திக்காரர், விவரமானவர். ஏறும்போது போடும் கியரிலேயே இறக்கினார். பிரேக்கை மிதித்து மிதித்து விடவில்லை. வண்டி குலுங்காமல் ஒரே சீராக இறங்கியது. எதிரே ஏறி வந்த வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டார். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. பாதி இறங்குமுன் ஸ்வெட்டரைக் கழற்றினேன். காற்றில் ஈரம் போய், புழுதி வாசம் வந்தது. போடியில் டீ குடித்து, தேனி, உசிலம்பட்டி வழியாக மதுரை சேர்ந்தோம். மத்தியானச் சாப்பாட்டில் மச்சான் வைத்த கறிக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

நீங்கள் போவதாக இருந்தால் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். ஜூன், ஜூலை மழையில் மேற்குச் சரிவும், ஐப்பசி, கார்த்திகை மழையில் போடிப் பக்கமும் சரியக்கூடியவை. இரவிகுளத்து வரையாட்டையும் பார்க்க வேண்டுமென்றால் ஜனவரிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அவை குட்டி போடும் காலமென்று பிப்ரவரி, மார்ச்சில் பெரும்பாலும் பூங்காவை மூடிவிடுவார்கள். போடிமெட்டை வெளிச்சத்தில் இறங்குங்கள். முன் சீட்டை, வீட்டில் யாருக்கு வாந்தி வருமோ அவருக்குக் கொடுங்கள்.