காலையில் சந்தை... மதியம் மலை!

வசந்த காலம் என்று ஒன்று இருப்பதாகக் கல்யாணப் பத்திரிகைகளும் சினிமாப் பாட்டுகளும் சத்தியம் செய்கின்றன. கள்ளக்குறிச்சியில் அதைத் தேடினால், மாசிக் கடைசியில் தலையைக் காட்டிவிட்டுப் பங்குனி பாதிக்குள் ஓடிவிடும். அப்புறம் சூரிய பகவானின் ராஜ்யம்தான். குடும்பத்தோடு ஒரு நாள் உலாவப் போக நினைப்பவர்கள் இந்தச் சின்ன இடைவெளியில் கிளம்பிவிட வேண்டும்.

போன பங்குனியில் நாங்கள் போட்ட திட்டம் ரொம்பச் சுலபமானது. விடியற்காலை கள்ளக்குறிச்சி உழவர் சந்தை. அங்கிருந்து நேரே கல்வராயன் மலை. மதியம் மர நிழலில் சாப்பாடு. இருட்டுமுன் வீடு.

முதலில் சந்தை. ஆந்திராவில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14-ல் மதுரையில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை வாங்கிய விவசாயி மட்டுமே உள்ளே கடை போடலாம். கடைக்கு வாடகை கிடையாது, தராசு இலவசம். விலையைத் தினமும் காலையில் நிர்வாகமே நிர்ணயித்துப் பலகையில் எழுதிவிடும். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட, வெளிக்கடை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பது சூத்திரம். பி.காம். படித்தவன் என்பதால் உடனே கணக்குப் போட்டேன். மொத்த விலை 20 ரூபாய் என்றால் சந்தையில் 24. அதே காய் வெளிக்கடையில் 28-ஐத் தொடும். விவசாயிக்கு 4 ரூபாய் லாபம், நமக்கும் 4 ரூபாய் மிச்சம். இரண்டு பக்கமும் வரவு விழுகிற கணக்கைக் கல்லூரியில்கூட யாரும் எனக்குக் காட்டியதில்லை!

என் மனைவிக்கு மட்டும் இந்தச் சந்தையின் மேல் ஒரு மனக்குறை. "விலையைப் பலகையில எழுதிட்டா அப்புறம் நான் எதுக்குங்க வரணும்?" பேரம் பேச முடியாத சந்தை அவளுக்கு உப்பில்லாத ரசம் மாதிரி. வெள்ளரி, தக்காளி, கொத்தமல்லி, ஒரு சீப்பு வாழைப்பழம் என்று மதியத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கினோம். மீதிப் பைகள் காலியாகவே இருக்கட்டும் என்றேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பஸ் இருக்கிறது. வழியெல்லாம் கரும்பு, நெல், மரவள்ளி. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை. மலையடிவாரத்தில் கோமுகி அணை. அதைத் தாண்டினால் வளைவுகளும் குரங்குகளும் ஆரம்பம். வாழைப்பழச் சீப்பை மறைத்து வையுங்கள்.

கல்வராயன், கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. சுமார் 2000 அடியிலிருந்து 3000 அடிக்கும் மேல் போகிறது. ஊட்டியை எதிர்பார்த்து ஸ்வெட்டர் எடுத்துப் போகிறவர்கள் அதைத் தலையணையாகத்தான் உபயோகிக்க முடியும். பெரியார் அருவி பாதையிலேயே இருப்பதால் முட்டிவலிக்காரர்களுக்கும் தோது. ஆனால் பங்குனியில் அருவி, மாதக் கடைசிச் சம்பளக்காரன் பர்ஸ் மாதிரி மெலிந்திருக்கும். கொட்டுகிற தண்ணீரைப் பார்க்க வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு போங்கள். மேகம் அருவிக்குக் காட்டுக்குள் நடக்க வேண்டும். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, ஊர்க்காரர் துணையோடு போவதே நல்லது. குழந்தைகளுக்குக் கரியாலூரில் படகுத் துறை இருக்கிறது.

நாங்கள் ஒரு மணி நேரம் மரவள்ளிக் காட்டோரமாக நடந்தோம். அங்கே ஒரு வேடிக்கை. இங்கே விளைகிற கிழங்கு லாரியில் கீழே இறங்கி, மில்லுக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. கொஞ்சம் சிப்ஸாகிறது. அந்த சிப்ஸ் பாக்கெட்டை நாம் கடையில் வாங்கி, பிக்னிக் கூடையில் போட்டு, மறுபடி மலைக்கே தூக்கி வருகிறோம்! கிழங்குக்குப் போக வர டிக்கெட் செலவு வேறு.

அதனால்தான் காலிப் பை. மலையில் இருக்கிற 'மலையாளி' மக்களுக்கும் கேரளாவுக்கும் சம்பந்தமில்லை. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்கள் சொல்லும் கதை உண்டு. தலைமுறை தலைமுறையாக ஜாகிர்தார்களின் கீழ் இருந்த மலை 1976-ல்தான் முழுமையாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது. சாமை, தேன், கடுக்காய், புளி எல்லாம் இங்கே கிடைக்கும். பங்குனி, புளி உலுக்குகிற பருவம்.

ஒரு வீட்டு வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் விலை கேட்டேன்.

"நீயே பாத்துக் குடு தம்பி. யாவாரி வந்தா அவுங்க சொல்றதுதான வெல!"

விற்பவர் விலை சொல்வார், அல்லது சந்தை சொல்லும் என்றுதான் என் பாடப் புத்தகத்தில் இருந்தது. வாங்குபவனே விலை சொல்லும் அத்தியாயம் அதில் இல்லை. கீழே இருக்கிற பலகை இன்னும் இந்த வாசலுக்கு ஏறி வரவில்லை. பேரத்துக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். "கடையில என்ன குடுப்போமோ, அதையே குடுங்க" என்றாள் மெதுவாக.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பிறகு கல்வராயன் என்றாலே பலருக்குச் சாராய ஊறல்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் அன்றைக்குக் கொன்றது மெத்தனால் என்கிற தொழிற்சாலை ரசாயனம். எந்த மலை மரத்திலும் அது காய்க்கவில்லை. மலை மக்களின் சாலை, வாழ்வாதாரம் பற்றி அந்த ஆண்டே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை போடுவது சர்க்கார் வேலை. புளிக்கு நியாயமான விலை கொடுப்பது நம் கையில் இருக்கிறது.

ஆகவே போகிறவர்களே, துணிப்பையைக் காலியாகக் கொண்டு போங்கள், நிரப்பிக்கொண்டு வாருங்கள். சில்லறை நோட்டாக எடுத்துப் போங்கள். காய்ந்த காடு, தீக்குச்சி வேண்டாம். பாட்டிலும் பிளாஸ்டிக்கும் வேண்டவே வேண்டாம்.

"அந்த மலைக்கா போனீங்க?" என்று முகம் சுளித்த உறவினர் வீட்டுக்கு இரண்டு கிலோ புளி கொடுத்தனுப்பினோம். இப்போது அவரே போன் பண்ணி, "அடுத்து எப்ப போறீங்க?" என்று கேட்கிறார். பையும் அவரே தருகிறாராம்.