கெஸலும் தாத்தாவும் ஒரு பழுப்பு ஒயரும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று பேரவைச் செயலாளர் மூன்று நாளாகத் துரத்துகிறார். கவிதை எனக்கு வராது. அரியரைப் பற்றி எழுதலாம் என்றால் வீட்டிலும் இந்த மலரைப் படிப்பார்கள்! அதனால் போன செமஸ்டர் லீவில் எங்கள் வீட்டுப் பழைய காருக்கு ஒயரிங் செய்த கதையைச் சொல்கிறேன். நண்பர்களே, இதில் கொஞ்சம் எலக்ட்ரிகல் வரும், கொஞ்சம் என் மானமும் போகும்.

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால் இரும்புலியூர் தாண்டி பெருங்களத்தூர். அந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் கார் கம்பெனி இருந்தது என்றால் நம்மில் பல பேர் நம்ப மாட்டோம். ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. 1961-லிருந்து ஹெரால்டு, 1970-களில் கெஸல், 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று அங்கிருந்து வண்டிகள் வந்தன. 1988-ல் எல்லாம் நின்றுபோனது. அங்கே டேஷ்போர்டு ஒயரிங் மாட்டும் இடத்தில் வேலை பார்த்தவர் என் தாத்தா. கம்பெனி மூடியபோது அவருக்கு நாற்பது வயசு. பிறகு செகண்ட் ஹாண்டில் ஒரு 1974 கெஸல் வாங்கினார். "நான் மாட்டின வண்டியாக்கூட இருக்கும்டா" என்பார்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த வண்டி அப்பாவை முடிச்சூர் ரோட்டில் நடுவழியில் நிறுத்திவிட்டது. பெட்ரோல் முள் 'ஃபுல்' காட்டுகிறது, டாங்கோ காலி! அன்றைக்கு ஷெட்டில் தள்ளியதுதான். இந்த வருஷம் அப்பா சொல்லிவிட்டார்: "பொங்கலுக்குள்ள ஓடலேன்னா எடைக்குப் போட்டுடலாம்." தாத்தா பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். டிப்ளமா படிக்கிறவன் வீட்டில் இருந்தால் இந்தக் கஷ்டம் எல்லோருக்கும் உண்டு.

இன்ஜினைத் தாத்தாவின் பழைய சிநேகிதர் ஒருவர் பார்த்துக்கொண்டார். உள்பக்க ஒயரிங் என் தலையில். டேஷ்போர்டைக் கழற்றிக் குனிந்து பார்த்தேன். இடியாப்பம்! யாரோ ஒரு மெக்கானிக் எப்போதோ புகுந்து, கையில் கிடைத்த சிவப்பு ஒயரையே எல்லா இடத்திலும் ஒட்டுப் போட்டிருந்தார். எது எங்கே போகிறதென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"எல்லாத்தையும் வெட்டிட்டுப் புதுசா இழுத்துடலாம் தாத்தா" என்றேன்.

"வெட்டறதுக்கு முன்னாடி படிடா" என்றார்.

பழைய பிரிட்டிஷ் வண்டி வழியில் வந்தவற்றுக்கு லூக்காஸ் நிற முறை என்று ஒன்று உண்டு. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் கரண்ட், சாவி போடாவிட்டாலும் இருக்கும். வெள்ளை, சாவி போட்டால் வருவது. பச்சை, அதே கரண்ட் ஃபியூஸைத் தாண்டி வருவது. ஊதா, எப்போதும் உயிரோடு இருக்கும், ஆனால் ஃபியூஸ் வழியாக. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட், கறுப்பு எர்த். பச்சையில் கறுப்புக் கோடு இருந்தால் பெட்ரோல் முள்ளுக்கு. இதைப் புரிந்துகொண்டால் டேஷ்போர்டு ஒரு புத்தகம். சிவப்பு ஒயர் ஒட்டிய புண்ணியவான் அந்தப் புத்தகத்தில் எல்லாப் பக்கத்திலும் ஒரே எழுத்தை எழுதிவிட்டுப் போயிருந்தார்.

தாத்தாவுக்குக் கண்ணில் புரை. ஊதாவும் பழுப்பும் அவருக்கு ஒன்றுதான். ஆனால் கட்டைக் கையில் தடவி, "இந்தப் பிரிவு நீளமா இருக்கா? அப்ப வைப்பர். குட்டையா மூணு சேர்ந்து வருதா? லைட் சுவிட்ச்" என்று சொல்வார். நான் நிறத்தைச் சொல்வேன், அவர் இடத்தைச் சொல்வார். மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பார்த்து, ஒவ்வொரு முனைக்கும் பேப்பர் டேப்பில் நம்பர் ஒட்டி, நோட்டில் எழுதிக்கொண்டோம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அலைந்து நிறம் நிறமாக ஒயர் வாங்கி வந்தேன். கடைக்காரர், "எதுக்குத் தம்பி இத்தனை கலர்? சிவப்பும் கறுப்பும் போதுமே" என்றார்!

பதினைந்து நாள் ஆனது. எல்லாம் மாட்டியாகிவிட்டது. தாத்தா ஒன்று சொல்லி வைத்திருந்தார்: "முதல் தடவை பேட்டரியை நேரா குடுக்காதே. நடுவுல ஒரு ஹெட்லைட் பல்பை சீரீஸ்ல போடு. எங்கேயாவது ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுன்னு எரியும், ஒயர் பிழைச்சுக்கும்." கணக்கும் சரிதான். 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு என்றால் 5 ஆம்பியருக்கு மேல் போகாது.

எனக்கு அவசரம். "பல்பு போட்டுப் பார்த்துட்டியா?" என்று கேட்டார். "பார்த்துட்டேன் தாத்தா" என்று பொய் சொல்லி டெர்மினலை மாட்டினேன்.

இரண்டே விநாடி. சாவித் துவாரத்துக்குப் பின்னாலிருந்து புகை! நான் மரம் மாதிரி நின்றேன். தாத்தாதான் தட்டுத் தடுமாறி ஓடிவந்து டெர்மினலைப் பிடுங்கினார், உள்ளங்கை சிவந்துவிட்டது. பழுப்பு ஒயர் ஒரு இரும்புக் கிளாம்பின் கூரான விளிம்பில் நசுங்கியிருந்தது. எங்கள் வண்டியில் அந்த ஒயருக்கு ஃபியூஸ் கிடையாது. பேட்டரியின் பலம் முழுவதும் அதில்தான் இறங்கியது.

நாற்றம் கேட்டு அப்பா வந்தார். "யார் பண்ணினது?"

"நான்தான் மாட்டச் சொன்னேன்" என்றார் தாத்தா.

"போதும்ப்பா. நாளைக்கே எடைக்காரனைக் கூப்பிடறேன்."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. காலையில் அப்பா ஷேவ் செய்துகொண்டிருந்தபோது போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்பா கண்ணாடியைப் பார்த்தபடியே, "அதை ஒங்க தாத்தாகிட்ட சொல்லு. பொங்கல் வரைக்கும் டைம்" என்றார். தாத்தாவிடம் போனேன். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. "கருகின நீளம் எவ்வளவு, அளந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

மறுபடி ஆரம்பித்தோம். கிளாம்புக்கெல்லாம் ஸ்லீவ், இரும்புத் தகட்டில் ஒயர் நுழையும் ஓட்டைக்கெல்லாம் ரப்பர் வாஷர். பழுப்பு ஒயரில் பேட்டரிப் பக்கமாக ஒரு ஃபியூஸும் சேர்த்தோம். ஹெரால்டு, கெஸல் வகை வண்டிகளில் பாடியைத் தனித்தனித் துண்டாக சேஸிஸ் மேல் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். போல்ட் துருப்பிடித்தால் எர்த் போச்சு. அதனால் முக்கியமான இடங்களில் துருவைச் சுரண்டித் தனியாக எர்த் ஒயர் இழுத்தோம். பெட்ரோல் முள்ளின் ரகசியமும் அப்போதுதான் தெரிந்தது. டாங்கிலிருந்து வரும் ஒயரின் ஒட்டு ஒன்று பின் சீட்டுக்கு அடியில் பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒயர் எர்த் ஆனால் முள்ளுக்கு டாங்க் நிறைந்த மாதிரிதான். பத்து வருஷம் ஷெட்டில் கிடந்ததற்குக் காரணம் ஒரு அங்குல இன்சுலேஷன் டேப்!

இந்த முறை பல்பு போட்டோம். பல்பு எரியவில்லை. அது எரியாததில் எனக்கு வந்த சந்தோஷம்! பிறகு பேட்டரியை நேராகக் கொடுத்து, டாங்கில் ஐந்து லிட்டர் ஊற்றி, சாவியைத் திருப்பினோம். முள் மெதுவாக எழுந்து, அடிக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. உண்மையைச் சொல்லிவிட்டது. அப்பாவே கை தட்டினார்.

டேஷ்போர்டை மூடும் முன் தாத்தா என் நோட்டிலிருந்த படத்தைச் சுத்தமாக வரையச் சொன்னார். பிளாஸ்டிக் கவரில் போட்டு உள்ளே கட்டி வைத்தோம். "எதுக்கு தாத்தா? நமக்குத்தான் தெரியுமே" என்றேன். "நமக்கு இல்லடா. நாளைக்கு இதைப் பிரிக்கிறவனுக்கு" என்றார்.

ஜூனியர் தம்பி தங்கைகளே, லேபில் கையில் கிடைத்த ஒயரால் சர்க்யூட் முடித்து மார்க் வாங்கிவிடலாம். நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அடுத்தவர் பிரித்தால் புரியும்படி வேலை செய்யுங்கள். அப்புறம், "பல்பு போட்டுப் பார்த்தியா?" என்று யாராவது கேட்டால்... தயவுசெய்து போட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்!