நாலு தறி, ஒரு ஆள்

"பி.காம் படிக்கிறவனுக்கு கேம் எஞ்சின் எதுக்குலே?"ன்னு கிளாஸ்ல பயலுவ கேக்கானுவ. நான் எழுதுற கேம் உங்க கையில இருக்குற விலை கம்மியான போன்லதான் ஓடியாகணும் மக்கா, அதுக்குத்தான் :-)

நொடிக்கு 60 பிரேம் வேணும்னா ஒரு பிரேமுக்குக் கிடைக்கிறது சுமார் 16.6 மில்லிசெகண்ட். எதிரி யோசிக்கிறது, மோதல் கணக்கு, படம் வரையறது எல்லாம் அதுக்குள்ள முடியணும். போன்ல எட்டு கோர் இருக்கே, வேலையைப் பிரிச்சுக் கொடுத்தா எட்டு மடங்கு வேகம்தானே? கிடையாது. வேலையில கால்வாசியை வரிசையாத்தான் செய்ய முடியும்னா, எத்தனை கோர் போட்டாலும் நாலு மடங்கைத் தாண்டாது. ஜீன் ஆம்டால் 1967லயே கிளப்பின வாதம் இது.

அடுத்த குழப்பம், அசிங்க் வேற, பேரலல் வேற. சங்கரன்கோவில்காரன் இதுக்குப் புத்தகம் தேட வேண்டாம், விசைத்தறிக் கூடத்தை எட்டிப் பார்த்தா போதும். நாலு தறி ஒரே நேரத்துல ஓடுதா, அது பேரலல். பார்த்துக்கிறது ஒரே ஆள். எங்க இழை அறுந்து தறி நிக்குதோ அங்க போய் முடிச்சுப் போடுவார், அப்புறம் அடுத்தது. எந்தத் தறி முன்னாலயும் சும்மா காத்து நிக்க மாட்டார். அது அசிங்க். யூனிட்டியோட கொரூட்டீன் அந்த ஒத்த ஆள் மாதிரி, மெயின் த்ரெட்லயேதான் ஓடும். நூறு கொரூட்டீன் போட்டாலும் இன்னொரு கோர் உதவிக்கு வராது. அதுக்கு 2018ல வந்த ஜாப் சிஸ்டம் மாதிரி ஏதாவது வேணும்.

ரெண்டையும் அழகா சேர்த்தது நாட்டி டாக் கம்பெனி. 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' கேமை 2014ல பிளேஸ்டேஷன் 4க்குக் கொண்டுவந்த விதத்தை, 2015 கேம் டெவலப்பர்ஸ் கான்பரன்ஸ்ல கிறிஸ்டியன் கிர்லிங் விளக்கினார். கோருக்கு ஒண்ணா ஆறு ஒர்க்கர் த்ரெட், 160 ஃபைபர். ஒரு ஜாப் இன்னொண்ணு முடியறதுக்காகக் காத்திருக்கணுமா? அந்த ஃபைபரை அப்படியே ஓரங்கட்டிட்டு ஒர்க்கர் அடுத்த ஜாப்பை எடுத்துக்கும். தறி நின்னாலும் ஆள் நிக்கலை!

தறி உவமை ஒரு இடத்துல காலை வாரும். ரெண்டு தறி ஒரே சேலையை நெய்யாது, ஆனா ரெண்டு கோர் ஒரே எண்ணைத் திருத்தும். இங்கதான் நம்ம காமர்ஸ். ஒரே பேரேடு, ரெண்டு குமாஸ்தா. இருப்பு 1000ன்னு ரெண்டு பேரும் படிச்சு, ஆளுக்கு 100 கூட்டி, 1100ன்னு எழுதுறாங்க. நூறு ரூபா மாயம்! பூட்டுப் போடலாம். பூட்டு முன்னால எல்லாரும் வரிசையில நின்னா அப்புறம் எட்டு கோர் எதுக்கு? ஆளுக்கொரு துணை ஏடு கொடுத்து, கடைசியில ஒரே ஆள் பேரேட்டுல ஏத்துறதுதான் என் கட்சி.

என் கேம்ல ஆடுகள் வழி தேடுறது இப்ப அப்படித்தான், தனி த்ரெட்ல. பதில் அடுத்த பிரேம்லதான் வந்து சேரும். அந்த ஒரு பிரேம் தாமதத்தை இதுவரைக்கும் ஒரு பயலும் கண்டுபிடிக்கலை.